சாய்வுப்பாதைக்குப் பெயர்ப்பலகை வேண்டாம்

அக்கா,

இன்று காலை அலுவலகத்துக்குள் கால் வைத்ததும் சிவப்புப் பொலிஷ் மணம் மூக்கில் ஏறியது. உடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நம் அலுவலகத்தில் காரணமில்லாமல் யாரும் தரையை மினுக்குவதில்லை. கொழும்பிலிருந்து யாராவது வரவேண்டும், அல்லது எதையாவது மறைக்கவேண்டும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடக்கும். குணதாச நடைக்கூடத்தில் தேங்காய் மட்டைப் பாதியின் மேல் ஒற்றைக் காலை வைத்து இடுப்பை ஆட்டி ஆட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுக்குக் கிட்ட வந்துவிட்ட மனிதர், ஆனாலும் அந்த ஆட்டம் குறையவில்லை. என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு, வெளியே கையைக் காட்டி, "அந்தப் பக்கம் நான் பூசவில்லை மிஸ், சத்தியமாகப் பூசவில்லை" என்று சிங்களத்தில் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் சாய்வுப்பாதையைத்தான் சொன்னார்.

பார்த்தீர்களா, 'உங்கள் சாய்வுப்பாதை' என்று நானே எழுதிவிட்டேன். கை எவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது. இந்த ஒரு சொல்லால் வந்த வினையைச் சொல்லத்தான் இந்த மடல்.

போன கிழமை புதிய பணிப்பாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நீங்கள் இவரைக் கண்டதில்லை. இளம் வயது, நல்ல மரியாதை, எல்லாரையும் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார். கெட்டவர் என்றால் எனக்கு வேலை சுலபம். நல்லவர்களிடம்தான் கூடக் கவனம் வேண்டியிருக்கிறது. மேசையில் கிடந்த காகிதத்தைப் பார்த்தபடி ஏதோ சொன்னார். எனக்கு இடது காது அறவே கேட்காது, வலது காதில் கருவி. வாயைப் பார்க்காவிட்டால் பாதிதான் விளங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். "முகத்தைப் பார்த்து இன்னொரு தரம் சொல்லுங்கள் சேர்" என்றேன். எந்தப் பேச்சையும் இரண்டாம் தரம், நேருக்கு நேர், உரக்கச் சொல்லவைத்தால் அதில் எது நல்லது, எது சொத்தை என்று தெரிந்துவிடும். என் செவிட்டுத்தனத்தால் கிடைத்த ஒரே இலாபம் அதுதான்.

இரண்டாம் தரம் அவர் சொன்னது இது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அதை முன்னிட்டு, முன்வாசல் சாய்வுப்பாதைக்கு உங்கள் பெயரை வைக்கப் போகிறார்களாம். பித்தளையில் பலகை, மூன்று மொழியிலும் எழுத்து, கொழும்பிலிருந்து விருந்தினர். "நீங்கள்தான் அவருடைய நெருங்கிய தோழி. திரையை நீங்கள்தான் விலக்கவேண்டும்" என்றார்.

பொய் சொல்லமாட்டேன் அக்கா, முதலில் எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. உங்கள் பெயர் பித்தளையில் பளபளப்பதைக் கண்ணுக்குள் பார்த்துவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பி வந்தேன். படி இறங்கும்போதுதான், ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை ஞாபகம் வந்தது.

ஏனென்றால், சாய்வுப்பாதையின் மேல் முனையில் உள்ள கதவு நீங்கள் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து பூட்டியே கிடக்கிறது. உள்பக்கம் பழைய இரும்பு அலுமாரிகளை வரிசையாக அடுக்கிவிட்டார்கள். கீழ் முனையில் யாருடையவோ மோட்டார் சைக்கிள் நிற்கும். மழையென்றால் இரண்டு நிற்கும். கேட்டால், "இப்போது பாவிக்க யாரும் இல்லையே மிஸ்" என்பார்கள். பாதை பூட்டியிருக்க, அதற்குப் பெயர் மட்டும் எதற்கு?

இந்தச் சந்தேகம் எனக்குப் பிறவியிலேயே கொஞ்சம் இருந்தது. காது மந்தமானவர்களுக்கு யார் சிரித்தாலும் தங்களைப் பார்த்துச் சிரிப்பதாகத்தான் படும். ஆனால் அதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தது நீங்கள். அங்கவீனர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நியமனம் கிடைத்து, கலஹாத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பேராதனைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று பிடித்து வந்து சேர்ந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? மேலே மண்டபத்தில் என்னைப் பார்த்தவர்கள், "தமிழா? அப்படியென்றால் கீழே போங்கள், மொழிபெயர்ப்பு மிஸ்ஸிடம்" என்றார்கள். கீழே என்றால் எங்கே? நம் கட்டடம் மலைச்சரிவில் நிற்பதால் முன்வாசல் உயரப் படிகளுக்கு மேலே, பின்பக்கம் வாகனக் கொட்டகைக்குப் பக்கத்தில் களஞ்சிய அறை. தாள் கட்டுகளுக்கும் உடைந்த கதிரைகளுக்கும் நடுவில், சக்கரக் கதிரையில் நீங்கள் இருந்தீர்கள்.

"நீர் எந்த இடம்?" என்று கேட்டீர்கள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. எங்கள் பக்கத்தில் 'நீர்' என்றால் தண்ணீர், அல்லது கூத்து மேடையில் ராசா பேசுவது. "கலஹாங்க. என்னைய நீங்கன்னே கூப்பிடலாம்" என்றேன். நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"யாழ்ப்பாணத்தில 'நீர்' எண்டால் மரியாதைதான். கோவிக்காதையும். கோவம் நல்லது, அதை மேல இருக்கிறவைக்கு மிச்சம் வையும்."

கடைசிவரைக்கும் 'நீர்' தான். நானும் கடைசிவரைக்கும் முறைத்தேன். இப்போது அப்படிக் கூப்பிட ஆளில்லை.

உங்களை மேலே ஏற்ற வழியில்லாததால் உங்கள் வேலை கீழே இறங்கி வரும். சுற்றறிக்கைகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும், நீங்கள் தமிழாக்க, குணதாச தூக்கிக்கொண்டு ஏறுவார். ஒருநாள் இயலாமையுடையவர்களின் உரிமைகள் பற்றிய சட்டத்தை நினைவூட்டி ஒரு சுற்றறிக்கை வந்தது. அந்தச் சட்டம் தொண்ணூறுகளிலேயே வந்துவிட்டது. பிறகு ஒழுங்குவிதிகள் வந்தன, பழைய கட்டடங்களை மாற்றக் காலக்கெடு வைத்தார்கள், கெடு முடிந்தது, நீட்டினார்கள். இதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்துத் திரும்பி உரக்க வாசித்தீர்கள்: பொதுமக்கள் போகிற கட்டடத்துக்குள் இயலாமையைக் காட்டி எவரையும் போகவிடாமல் செய்யக்கூடாது. வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் குணதாச பயந்துபோனார்.

"கேட்டீரோ? இதைத் தமிழாக்கிற ஆள் கட்டடத்துக்கு வெளியில இருக்கிறாள். கந்தோருக்குள்ள கொண்டுபோய் ஒட்டப் போயினம்."

எங்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர்களையும் நீங்கள்தான் மொழிபெயர்த்தீர்கள். ஒரு காலம் அங்கவீனர், ஒரு காலம் விசேட தேவையுடையோர், பிறகு மாற்றுத்திறனாளிகள், பிறகு வேறொன்று. ஒவ்வொரு புதுப்பெயர் வரும்போதும் தலையைக் கோதிக்கொண்டு, "எங்கட பேரை மாத்தின நேரத்துக்கு ஒரு படியையாவது மாத்தியிருக்கலாம்" என்பீர்கள். நான் இதைப் பலரிடம் என் சொந்தச் சரக்காக விற்றிருக்கிறேன்.

எதையும் நம்பமாட்டீர்கள். அதுவும் அன்பாக வந்தால் இன்னும் நம்பமாட்டீர்கள். கண்டி நகரத்துப் புடவைக்கடை ஒன்றில், படி ஏற முடியாத உங்களுக்காகக் கடைக்காரர் சேலைகளை வெளியே கொண்டுவந்து காட்டினாரே, எனக்கு அவர்மேல் அவ்வளவு மதிப்பு வந்தது. நீங்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டீர்கள். "என்னக்கா, பாவம், அந்த மனுசன் அத்தன சேலையத் தூக்கிட்டு வந்தாரு" என்று நான் குறைப்பட்டேன்.

"ஓம், தூக்கிக்கொண்டு வந்தவர்தான். விலை கூடினதை மட்டும் பாத்துத் தூக்கிக்கொண்டு வந்தவர். மலிஞ்சது உள்ளுக்க தொங்குது, எனக்கு இஞ்ச இருந்தே தெரியுது. உள்ள போக ஏலாத ஆளுக்கு எல்லாமே விலைதான்."

உங்கள் கால்களுக்கு என்ன நடந்தது என்பதையும் நீங்கள் ஒருவருக்கும் சரியாகச் சொன்னதில்லை. ஒருவரிடம் கடுகண்ணாவையில் பஸ் புரண்டது என்றீர்கள். இன்னொருவரிடம் மாமரத்திலிருந்து விழுந்தேன் என்றீர்கள். பேராதனையில் ஒரு மருத்துவரின் மனைவியிடம், காதல் தோல்வியில் பாய்ந்தேன் என்று கண் கலங்கச் சொல்லி, அவள் கொடுத்த கேக்கையும் வாங்கிச் சாப்பிட்டீர்கள். ஏன் இப்படி என்று கேட்டேன். "கேக்கிறவை எல்லாருக்கும் என்ர காலைப் பற்றித்தான் கவலை. வாசலைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை" என்றீர்கள். எனக்கும் உண்மை தெரியாது. எது உண்மை என்று இப்போதும் சில வேளை யோசிப்பேன்.

ஆனால் ஒன்று தெரியும். அதை நான் கண்டுபிடிக்க வெகுகாலம் ஆனது. காலையில் வீட்டில் குடித்த தேநீருக்குப் பிறகு மாலையில் வீடு திரும்பும்வரை நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. வெயில் கொளுத்தும் மாசியிலும் இல்லை. நான் இஞ்சித் தேநீர் கொண்டுவந்து கொடுத்தால், "வையும், குடிக்கிறன்" என்பீர்கள். ஆறிப்போய்க் கிடக்கும். நான் ஊற்றியது பிடிக்கவில்லையாக்கும், தோட்டத்து ஆள் கையால் குடிக்க யோசிக்கிறாளாக்கும் என்றுகூட எனக்குள் ஒரு சந்தேகம் ஓடியது. கடைசியில் ஒருநாள் அதைக் கேட்டே விட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

"கக்கூசு மேல இருக்கு, பிள்ளை" என்றீர்கள்.

அவ்வளவுதான். முன்வாசல் படிகளுக்கு மேலே, மண்டபத்தைத் தாண்டி. அதனால் குடிப்பதே இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு அந்தச் சுற்றறிக்கை முழுதாக விளங்கியது. அதற்கு முந்தி உரிமை என்றால் மேடையில் பேசும் ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகு மனுக்களை இருவரும் சேர்ந்து எழுதினோம். பதில்கள் எல்லாம் மரியாதையாக வந்தன. கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது, நிதி கிடைக்கும் பட்சத்தில், உரிய நேரத்தில். அந்த மரியாதைச் சொற்களின் கீழே நீங்கள் பென்சிலால் கோடிழுத்துவிட்டு, திரும்ப எழுதுவீர்கள். பழைய பணிப்பாளர் உங்களைக் கண்டாலே வாகனத்தின் மறுபக்கத்தால் ஏறுவார். கடைசியில், மேலிடத்தில் யாரோ அவரை உலுப்பியிருக்கவேண்டும், முன்வாசல் படியோரத்தில் சீமெந்து மூட்டைகள் வந்து இறங்கின. நான் துள்ளினேன். நீங்கள் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மூட்டை வந்தது சரி, ஆள் வரட்டும்" என்றீர்கள். ஆள் வந்தபோது, "ஆள் வந்தது சரி, முடியட்டும்" என்றீர்கள். முடிந்தபோது, "திறப்புவிழா முடிஞ்ச அடுத்த நாள்தான் நான் பாப்பன்" என்றீர்கள்.

ஆனால் திறப்புவிழாவே உங்களை வைத்துத்தான். சோதிடரிடம் கேட்டுச் சுபநேரம் குறித்திருந்தார்கள். கண்டிய மேளக்காரர்கள், வாசலில் குத்துவிளக்கு, தட்டில் பாற்சோறு, பந்தல் முழுக்கத் தென்னங்குருத்துத் தோரணம். சுபநேரம் பிறக்கும் நிமிடத்தில் நீங்கள் முதல் ஆளாக ஏறவேண்டும், பின்னால் கொழும்பு விருந்தினர், பத்திரிகைக்காரர் மேலே நின்று படம் எடுப்பார். ஏற்பாடு அப்படி. சேலை கட்டி, பூ வைத்து, கதிரைச் சக்கரத்தைத் துடைத்து உங்களைத் தள்ளிக்கொண்டு வந்தது நான்தான். வாசலுக்கு வந்ததும் இருவருக்கும் மணம் வந்தது.

குணதாச விடியற்காலையில் வந்து, புதுச் சீமெந்துப் பாதை முழுவதற்கும் சிவப்புப் பொலிஷ் பூசி, தேங்காய் மட்டையால் தேய்த்து மினுக்கியிருந்தார். அதில் முகம் பார்க்கலாம். நம் ஊரில் விசேடம் என்றால் தரை மினுங்கவேண்டும், விருந்தாளிக்கு அதுதானே மரியாதை. தன் கைக்காசில் இரண்டு டின் வாங்கிப் பூசியிருந்தார் அந்த மனுசன். "எங்கள் மிஸ்ஸுக்காக" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு நின்றார். நான் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். வழுக்கியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்திருந்தது.

நீங்கள் பாதையின் அடியில் கதிரையை நிறுத்திப் பூட்டினீர்கள்.

"சாக்கு இருந்தால் கொண்டுவந்து விரிக்கச் சொல்லும்."

சாக்கு விரித்தால் படம் கெட்டுவிடும் என்றார்கள். பழைய பணிப்பாளர் குனிந்து, பல்லைக் காட்டிக்கொண்டே, "இரண்டு பேர் பின்னால் பிடித்துத் தள்ளுவார்கள் மிஸ், ஒரு நிமிட வேலை" என்றார். மேளம் வேகம் கூடியது. எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். "அக்கா, ஒரு தடவதானே, போயிருவோங்க" என்று நானே உங்கள் காதில் கெஞ்சினேன். நீங்கள் அவருக்குச் சிங்களத்தில் பதில் சொன்னீர்கள். பிறகு எனக்காகத் திரும்பி, என் முகத்தைப் பார்த்துத் தமிழிலும் சொன்னீர்கள்.

"ரெண்டு பேர் தூக்கிப் போறதெண்டால் அதுக்குப் பேர் பல்லக்கு. நான் பாதை கேட்டனான்."

சுபநேரம் பிறந்தது. நீங்கள் அசையவில்லை. விருந்தினர் கொஞ்சம் முழித்துவிட்டுப் பக்கத்துப் படிகளால் ஏறிப்போய் மேலே நாடாவை வெட்டினார். அடுத்த நாள் பத்திரிகையில் படம் வந்தது. நாடா வெட்டும் கை, தோரணம், கீழே ஆளே இல்லாத மினுமினுத்த சாய்வுப்பாதை. அதன் கீழே, இயலாமையுடையோரின் உரிமைகளை உறுதிசெய்த அலுவலகம் என்று எழுதியிருந்தார்கள்.

மேலே மண்டபத்தில் உங்களைத் திட்டாத வாய் இல்லை. நம் தமிழ் ஆட்களே, "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?" என்றார்கள். நான் ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். "தானம் எண்டால் பாக்கக்கூடாதுதான். ஆனா இது தானம் எண்டு ஆர் சொன்னது?" என்றீர்கள். எனக்கு அன்றைக்கு உங்கள் மேலும் கோபம்தான். குணதாசவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

அவரை நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். சலவைத்தூள், கம்பித் தூரிகை, ஒரு வாளி மணல் கொண்டுவரச் சொன்னீர்கள். மூவருமாக, இல்லை, நானும் அவரும் தேய்க்க நீங்கள் அதிகாரம் பண்ண, பாதை பழைய சீமெந்து நிறத்துக்கு வந்தது. காய்ந்த பிறகு ஒருவரும் பார்க்காத நேரம் பார்த்து நீங்கள் தனியாக ஏறினீர்கள். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றீர்கள், நான் கைநீட்டப் பார்த்தேன், முறைத்தீர்கள். மண்டபத்துக்குள் போனதும் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒரு கிளாஸ் தண்ணி தாரும்" என்றீர்கள். நின்ற நிலையில் இரண்டு கிளாஸ் குடித்தீர்கள் என்று எழுத வருகிறது. நின்ற நிலையிலா? இருந்த நிலையில்தான். ஆனால் எனக்கு ஞாபகத்தில் நீங்கள் எழும்பி நின்றுதான் குடிக்கிறீர்கள்.

பிந்திவிட்டது அக்கா. சிறுநீரகம் பழுதாகிப் போனதற்கு டொக்டர்கள் பல காரணம் சொன்னார்கள். நான் அவற்றில் ஒன்றையும் நம்பவில்லை. களஞ்சிய அறையில் ஆறிக் கிடந்த தேநீர்க் கோப்பைகளைத்தான் நம்புகிறேன்.

செத்தவீட்டில் அலுவலகத்தின் சார்பில் பேசியவர், "யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காத ஆத்மா" என்றார். நான் பெட்டியைப் பார்த்தேன், நீங்கள் எழும்பி மறுப்புத் தெரிவிப்பீர்களோ என்று. தொந்தரவு கொடுக்காவிட்டால் உங்களுக்கு அன்றைய சோறு இறங்காதே.

இப்போது புதிய சட்டம் ஒன்று வரப்போகிறது என்று பேச்சாகக் கிடக்கிறது. பழையதைவிடப் பலமானதாம், கைக்கு எட்டுமாம். சில பேர் சந்தோசமாக வந்து என்னிடம் சொல்கிறார்கள். நான், தமிழில் வந்துவிட்டதா என்று கேட்கிறேன். பிறகு வருமாம். வந்தால் முதலில் 'இயன்றவரை', 'வளங்கள் இடங்கொடுக்குமிடத்து' என்ற சொற்கள் எந்த வரிகளில் ஒளிந்திருக்கின்றன என்றுதான் தேடுவேன். நல்ல சட்டமாகவே இருக்கட்டும். பழையதும் நல்ல சட்டம்தான், களஞ்சிய அறையில் இருந்துகொண்டு அதைத் தமிழாக்கியவருக்குத்தான் தண்ணீர் கிடைக்கவில்லை.

சரி, பலகைக் கதைக்கு வருகிறேன். இரண்டு நாள் கழித்துப் பணிப்பாளரிடம் போனேன். பலகை எங்கே வரும் என்று கேட்டேன். மேசையில் ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினார். சாய்வுப்பாதையின் அடியில், குறுக்காக, அழகான ஒரு சின்னச் சுவர். அதில் பலகை. இரண்டு பக்கமும் அந்தூரியம் பூச்சட்டிகள்.

"சேர், குறுக்கே சுவர் வந்தால் கதிரை எப்படி ஏறும்?"

அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். ஒருதரம் சொன்னதே தெளிவாகக் கேட்டது. "இப்போது ஏற யாரும் இல்லையே மிஸ். அவருக்காகக் கட்டியது. அவர் நினைவாகவே இருக்கட்டும்."

அந்த இடத்தில் எல்லாம் வெளித்துவிட்டது. உங்களுக்காகக் கட்டியது. நீங்கள் போய்விட்டீர்கள். ஆகவே பாதையும் போகலாம். உங்கள் பெயரை எழுதிவிட்டால் அது ஊருக்கு உரியதல்ல, ஒரு நல்ல மனுசிக்குச் செய்த உபகாரம். உபகாரம் பெற்றவர் செத்தால் பூச்சட்டி வைக்க வேண்டியதுதான். இதில் அந்த மனிதரின் வஞ்சகம் ஒன்றும் இல்லை, அவர் கண்ணில் உண்மையாகவே ஈரம் இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கூடப் பயம் வந்தது.

"பலகை வேண்டாம் சேர்" என்றேன்.

"நீங்கள் அவருடைய தோழி அல்லவா?"

"அதனால்தான் சொல்கிறேன். சட்டத்தில் அவருடைய பெயர் இல்லை. யார் வந்தாலும் ஏறலாம் என்றுதான் இருக்கிறது. சுவர் கட்டினால் நான் மேலிடத்துக்கு எழுதிப் போடுவேன். பெயர் வைத்தாலும் எழுதிப் போடுவேன்."

எவ்வளவு உரக்கப் பேசினேன் என்று எனக்குத் தெரியாது, ஆனால் மண்டபத்தில் தட்டச்சு நின்றுவிட்டதாகக் குணதாச பிறகு சொன்னார். பணிப்பாளர் வரைபடத்தைச் சுருட்டினார். "நீங்கள் ரொம்பச் சந்தேகப்படுகிறீர்கள் மிஸ்" என்றார். ஆமாம் என்றேன்.

உங்கள் பெயருக்கு ஒரு பித்தளைப் பலகை வந்திருக்கும். அதை வேண்டாம் என்று சொன்னவள் நான். வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்கள் செத்த அன்றைக்கு அழுததைவிடக் கூட அழுதேன். இந்த மடலிலும் உங்கள் பெயரை எழுதவில்லை. எழுத ஆசையாகத்தான் இருக்கிறது.

அடுத்த நாளே நானும் குணதாசவும் அலுமாரிகளை நகர்த்திக் கதவைத் திறந்தோம். பணிப்பாளர் தடுக்கவில்லை. மோட்டார் சைக்கிள்காரருக்கு மட்டும் என்னோடு பேச்சு இல்லை. கொழும்பு விருந்தினர் வேறு ஏதோ கூட்டத்துக்கு வருகிறாராம், இன்றைய பொலிஷ் அதற்குத்தான். நடைக்கூடத்தோடு நிறுத்தச் சொல்லி நான் சொல்லவே தேவைப்படவில்லை.

இன்று பத்து மணிபோலத் தூறல் பிடித்தது. அந்தத் தூறலில் ஒரு பெரியவர் சக்கரக் கதிரையில் ஏறி வந்தார், மகள் பின்னால் குடையோடு. கலஹாப் பக்கத்து ஆள், முந்தி பஸ்ஸில் கண்டக்டராம், சீனி வருத்தத்தில் ஒரு கால் எடுத்துவிட்டார்கள். ஓய்வூதிய விசயமாக வந்திருந்தார். உள்ளே வந்ததும் வராததுமாக, தலையைத் துடைத்துக்கொண்டே ஏசத் தொடங்கிவிட்டார்.

"இம்புட்டுத் தூரத்துக்கு ரேம்ப் கட்டத் தெரிஞ்சவனுங்களுக்கு ஒரு கூரையப் போடத் தெரியலையா? கையால சக்கரத்தப் புடிப்பேனா, கொடையப் புடிப்பேனா?"

மகளுக்கு வெட்கமாகிவிட்டது. "அப்பா, சும்மா இருங்கப்பா. இதாச்சும் வச்சிருக்காங்களே."

"என்னா சும்மா இருக்கிறது? வச்சா ஒழுங்கா வைக்கணும்ல?"

யார் கட்டினது, யாரால் வந்தது என்று அவர் கேட்கவில்லை. ஒருவருக்கும் நன்றி சொல்லவில்லை. தன் வீட்டு வாசல் ஒழுகுவது போல அவ்வளவு கோபம். "எழுதிக் குடுங்கய்யா, நானே பணிப்பாளர்கிட்ட வைக்கிறேன்" என்றேன். கண்ணாடி கொண்டுவரவில்லை, நீயே எழும்மா, வாசித்துக் காட்டு என்றார். எழுதினேன். இந்தச் சாய்வுப்பாதைக்குத் தயவுசெய்து ஒரு கூரை அமைத்துத் தரும்படி என்று உரக்க வாசித்தேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது என்னாத்துக்கும்மா, தயவுசெய்து?"

அத்தனை வருடம் உங்கள் பக்கத்தில் இருந்தும் அந்தச் சொல்லை என் கை தானாக எழுதியிருக்கிறது, அக்கா. பேனையை அவரிடம் கொடுத்தேன். சொல் எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டினேன். அவர் அதைக் குறுக்கே வெட்டிவிட்டு, கீழே தன் பெயரைப் போட்டார்.